பாலாடாவில் வெள்ளம் ஏறும் முன்: நீலகிரி மேட்டுநிலத்தில் மழையையும் ஓடையையும் அளந்து அறிவது எப்படி

நீலகிரி மேட்டுநிலத்தில் வெள்ளம் வருமா வராதா என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும். கடந்த 5 நாட்களில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பது ஒன்று. கடைசி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு வைத்து வீட்டிலேயே அளக்கலாம். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, எமரால்டு பக்கம் பள்ளத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர்கள், ஓடைக் கரையில் வீடு கட்டியிருப்பவர்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

மலையில் வெள்ளம் எப்படி வரும், தண்ணீர்தான் கீழே ஓடிவிடுமே என்று பலர் கேட்பார்கள். நீலகிரி ஒரே சரிவாக இறங்கும் மலை அல்ல. மேலே உருண்ட குன்றுகள், அவற்றுக்கு நடுவே அகன்ற, ஏறத்தாழ மட்டமான பள்ளங்கள். பாலாடா என்று இங்கே சொல்வது இப்படிப்பட்ட பள்ளத்தைத்தான். பள்ளத்தின் அடியில் ஓடை வளைந்து வளைந்து மெதுவாகப் போகும். மேட்டுநிலத்தின் விளிம்பில் பாறை தாண்டிய பிறகுதான் அருவியாக விழும். குன்றின் சரிவிலிருந்து தண்ணீர் வேகமாக வந்து சேர்கிறது, பள்ளத்தின் மட்டத்திலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. அந்த இடைவெளியில் தேங்குவதுதான் பாலாடா வெள்ளம். இந்தப் பள்ளங்களில் பல முன்பு சதுப்பாக இருந்தவை. கரிய, பஞ்சு போன்ற மண்ணும் கோரையும் நிறைந்து, மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டவை. வாய்க்கால் வெட்டி வடித்துத் தோட்டமாக்கிய பிறகும் தண்ணீருக்கு அதே இடம்தான் தாழ்வு. அது அங்கேதான் வரும்.

முதலில் உங்கள் பருவம் எது என்று பாருங்கள்

அவலாஞ்சி, மேல்பவானி, முக்கூர்த்தி, கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை பதிவானது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் பெய்த மழையில் மண்சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே மாவட்டம்தான், ஆனால் ஆபத்தான மாதம் வேறு வேறு. "ஆகஸ்டிலேயே ஒன்றும் ஆகவில்லை" என்று கேத்திக்காரர் நவம்பரில் நிம்மதியாக இருக்க முடியாது.

ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் உண்டு. மொத்தம் குறைவுதான், ஆனால் அரை மணியில் கொட்டித் தீர்த்துவிடும். கோடப்பமந்து கால்வாய் நிரம்பி ஊட்டி பஸ் நிலையம், ரயில்வே பாலம் பக்கம் தண்ணீர் நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட மழையில்தான்.

மழையை அளப்பது

2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றின் கழுத்துப் பகுதியை, பக்கம் நேராக ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். இது மழைத்துளி வெளியே தெறிப்பதையும், வெயிலில் ஆவியாவதையும் தடுக்கும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் 0 என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டி, மி.மீ. கணக்கில் படியுங்கள். ஒவ்வொரு முறை கொட்டிய பிறகும் 0 கோடு வரை மறுபடி ஊற்ற வேண்டும். இதை மறந்தால் அடுத்த அளவு தப்பாகிவிடும்.

வைக்கும் இடம் முக்கியம். பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வாய் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மொட்டை மாடியிலும் குன்றின் உச்சியிலும் வைக்காதீர்கள். ஜூலைக் காற்று துளிகளைப் பாட்டிலுக்கு மேலே தள்ளிக்கொண்டு போய்விடும், உண்மையில் பெய்ததைவிடக் குறைவாகவே காட்டும்.

பெருமழைக்குப் பாட்டில் போதாது. வாய் 28 செ.மீ. விட்டம் உள்ள வாளியைத் திறந்த வெளியில் கல் வைத்து நிறுத்துங்கள். அந்த வாயின் பரப்பு சுமார் 616 ச.செ.மீ. வாளியில் சேரும் ஒவ்வொரு லிட்டரும் 16 மி.மீ. மழை. வாளியின் பக்கம் சரிவாக இருப்பதால் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. லிட்டர் கப்பால் மொண்டுதான் அளக்க வேண்டும். 16 லிட்டர் வாளி சுமார் 260 மி.மீ. வரை தாங்கும். அவலாஞ்சியில் பெய்ததைப் போன்ற மழைக்கு ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் நிரம்பிவிடும். ஆகவே 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து கொட்டுவது பாதுகாப்பு.

தினமும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் கணக்கும் அதே நேரத்தில் முடிவதால் ஒப்பிட வசதி. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5க்கு மேல் அதி கனமழை. ஆனால் சிறு ஓடைக்கு இந்த ஒரு நாள் கணக்கு மட்டும் போதாது. 100 மி.மீ. நாள் முழுவதும் சாரலாகப் பெய்தால் ஓடை கலங்கிப் பெருகுமே தவிரக் கரை தாண்டாமலும் போகலாம். அதில் பாதி ஒரு மணி நேரத்தில் விழுந்தால் தாண்டிவிடும். மழை வலுக்கும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். 15 நிமிடத்தில் 10 மி.மீ. என்றால் மணிக்கு 40 மி.மீ. வேகம். கீழே வரும் கணக்குக்கு அந்த வேகம்தான் தேவை.

மண் எவ்வளவு நிறைந்திருக்கிறது

கடைசி 5 நாள் அளவுகளைக் கூட்டுங்கள். பயிர்க் காலத்தில் மொத்தம் 36 மி.மீ.க்குக் கீழே என்றால் மண் காய்ந்திருக்கிறது, 53க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது என்பது நீரியல் கணக்கில் வழக்கமாக எடுக்கும் எல்லை. மேற்கு நீலகிரியில் ஜூலையில் பெரும்பாலும் இந்த 53ஐத் தாண்டியே இருக்கும் என்பதால், அங்கே ஒவ்வொரு பலத்த மழையையும் நிறைந்த மண்ணில் விழும் மழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் சோதிக்கவும் வழி உண்டு. 15 செ.மீ. விட்டமுள்ள, இரண்டு பக்கமும் திறந்த தகரக் குழாயையோ பெரிய டப்பாவையோ மண்ணில் 5 செ.மீ. இறக்குங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றி, தாளை மெதுவாக உருவுங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். எத்தனை நிமிடத்தில் உறிஞ்சுகிறது என்று பாருங்கள். சோலைக் காட்டின் ஓரத்திலும், புல்வெளியிலும், உழுத கேரட் பாத்தியிலும், ஆட்கள் நடந்து இறுகிய வரப்பிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே தோட்டத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் புரியும். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால், அந்த மண்ணில் இனி விழும் மழையில் பெரும்பகுதி ஓடைக்குத்தான்.

உழுது பொடியாக்கிய மண் தண்ணீரை நன்றாகக் குடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முதல் சில நிமிடம் அது உண்மை. பிறகு கனத்த துளிகள் மண்கட்டியை உடைத்து, நுண்மண் துளைகளை அடைத்து, மேலே மெழுகினாற்போல் ஒரு படலம் உண்டாகிவிடும். சோலையில் இலைச்சருகு துளியின் அடியைத் தாங்கிக்கொள்வதால் அப்படி ஆவதில்லை. இருந்தாலும் சோலையும் சதுப்பும் எல்லையில்லாமல் குடிக்காது. பத்து நாள் விடாமல் பெய்தால் அவையும் நிரம்பி, வருவதை அப்படியே வழியவிடும். காடு இருந்தால் வெள்ளமே வராது என்று நினைத்து ஏமாற வேண்டாம். காடு சிறு மழையின் வெள்ளத்தைத் தடுக்கும், பெருமழையின் வெள்ளத்தைத் தாமதப்படுத்தும்.

ஓடைக்கு எவ்வளவு வரும்

உங்கள் தோட்டத்து ஓடைக்குத் தண்ணீர் தரும் குன்றுகளின் பரப்பு தெரிய வேண்டும். கூகுள் எர்த்தில் உங்கள் பாலம் இருக்கும் இடத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் குன்றின் உச்சிக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், மேலே இரண்டு கோடும் சேரும் வரை வரைந்தால் பரப்பை அதுவே சொல்லிவிடும். கோடு ஓடையை எங்கேயும் வெட்டக் கூடாது. வெட்டினால் தப்பு.

பிறகு இந்தக் கணக்கு: பரப்பு (ச.கி.மீ.) × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × ஓட்ட விகிதம் ÷ 3.6. விடை விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். ஓட்ட விகிதம் என்பது விழும் மழையில் எத்தனை பங்கு ஓடும் என்பது. தோராயமாக, காய்ந்த புல்வெளிக்கும் காட்டுக்கும் 0.2, நனைந்த தோட்டத்துக்கு 0.5, முழுக்க நிறைந்த நிலத்துக்கு 0.7 என்று வையுங்கள்.

2 ச.கி.மீ. பரப்பு, மணிக்கு 40 மி.மீ. மழை என்று எடுத்துக்கொள்வோம். காய்ந்த மண்ணில் விநாடிக்கு 4.4 கன மீட்டர். நனைந்த மண்ணில் 11.1. நிறைந்த மண்ணில் 15.6. மழை ஒன்றுதான், மண்ணின் நிலைதான் வேறு. அதற்கே மூன்றரை மடங்கு வித்தியாசம். ஜூன் முதல் வாரத்தில் தாங்கிய ஓடை ஜூலைக் கடைசியில் அதே மழைக்கு ஏன் உடைகிறது என்பதற்கு இதுதான் காரணம். அணைச் செய்திகளோடு ஒப்பிட வேண்டுமானால், 1 கன மீட்டர் என்பது 35.3 கன அடி.

இப்போது ஓடை எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தில் இரண்டு கோல் நட்டு, தண்ணீர் ஓரளவு பெருகி ஓடும் நாளில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை நடு ஓட்டத்தில் போடுங்கள். 5 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 2 மீட்டர். அடியில் உராய்வால் வேகம் குறையும் என்பதால் 0.85ஆல் பெருக்கி 1.7 என்று வையுங்கள். ஓடை 3 மீட்டர் அகலம், கரை வரை 1.5 மீட்டர் ஆழம் என்றால், 3 × 1.5 × 1.7 = 7.65. அதாவது அந்த ஓடை விநாடிக்கு ஏழரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். இந்த அளவைக் கரையில் நின்றபடியே எடுக்க வேண்டும், ஓடைக்குள் இறங்கக் கூடாது.

15.6 வருகிறது, 7.65தான் போகிறது. மிச்சம் விநாடிக்கு ஏறத்தாழ 8 கன மீட்டர். அது அரை மணி நேரம் 5 ஏக்கர் பாலாடாவில் வெளியேற வழியில்லாமல் தேங்கினால், ஆழம் 70 செ.மீ. தொடை அளவு தண்ணீர். கேரட் பாத்தி முழுக்கப் போயிற்று.

இப்படிப்பட்ட சிறு பரப்பில், குன்றின் கடைக்கோடியில் விழுந்த மழை உங்கள் பாலத்துக்கு வந்து சேரக் கால் மணி முதல் அரை மணி நேரம்தான் ஆகும். டிவியில் அறிவிப்பு வரும் வரை காத்திருக்க முடியாது. உங்கள் கையில் இருக்கும் 15 நிமிட அளவுதான் உங்களுக்கான எச்சரிக்கை.

பாலத்தில் கோடு போடுங்கள்

பாலத்தின் தூணிலோ கல்வெட்டின் (சாலைக்கு அடியில் ஓடையை விடும் சிறுபாலம்) பக்கச் சுவரிலோ, 10 செ.மீ.க்கு ஒரு கோடாக எனாமல் பெயின்டால் போடுங்கள். வீட்டிலிருந்தோ மேட்டிலிருந்தோ டார்ச் அடித்தால் தெரியும்படி வெள்ளைப் பட்டையில் கறுப்புக் கோடு நல்லது. கரை தாண்டும் மட்டத்தைச் சிவப்பில் காட்டுங்கள். அதற்கு 50 செ.மீ. கீழே மஞ்சள் கோடு ஒன்று. மஞ்சளைத் தொட்டதும் மோட்டாரையும், ஆட்களையும், மாட்டையும் மேலே கொண்டுபோக வேண்டும். 15 நிமிடத்தில் 30 செ.மீ. ஏறினால் மஞ்சளுக்காகவும் காத்திருக்காதீர்கள்.

ஏறுவதைவிடப் பயங்கரமான அறிகுறி ஒன்று இருக்கிறது. மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ மண்சரிந்தோ மரம் விழுந்தோ அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த அடைப்பு உடையும்போது தேங்கியது மொத்தமும் ஒரே அடியாக வரும். தண்ணீர் குறைந்ததே என்று பாலத்தைக் கடக்கப் போகிறவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள். ஓடைக்கு எதிர்ப்பக்கம் போகாமல், இருக்கும் பக்கத்திலேயே மேட்டுக்கு ஏறுங்கள். தண்ணீர் சட்டென்று சேறாக மாறுவது, பச்சை மண்வாசனை, கல் உருளும் சத்தம், வேரோடு பெயர்ந்த செடிகள் மிதந்து வருவது ஆகியவையும் மேலே சரிவு நடந்ததற்கான அடையாளங்கள்.

அடைப்புதான் பாதி வெள்ளம்

கணக்கில் ஓடை தாங்கும் என்று வந்தாலும், நிஜத்தில் தாங்காமல் போவதற்கு முக்கியக் காரணம் கல்வெட்டுக் குழாய். 60 செ.மீ. விட்டக் குழாய் ஒன்றை ஒரு சீகை மரக்கிளையும் நாலு உரச் சாக்கும் அடைத்துவிடும். கேரட் கழுவும் இடங்களிலிருந்து வரும் தழையும், தோட்டத்தில் போடும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குழாய் அடைத்ததும் சாலையே அணையாகிவிடும். மேல்பக்கத்துத் தோட்டம் மூழ்கும், பிறகு சாலை அரித்து உடைந்து கீழ்ப்பக்கத்துத் தோட்டமும் போகும்.

மே கடைசி வாரத்தில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, ஊர்க்காரர்கள் சேர்ந்து பாலத்துக்கு மேலே குறைந்தது 100 மீட்டர் தூரம் ஓடையைச் சுத்தம் செய்யுங்கள். எடுத்த வண்டலையும் தழையையும் கரையிலேயே குவிக்காதீர்கள், முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். குழாயின் வாயில் நெருக்கமான கம்பி வலை அடிப்பதும் தப்பு. வலை குழாயைவிட வேகமாக அடைத்துக்கொள்ளும். 5 மீட்டர் முன்னாலேயே, ஓர் அடி இடைவெளி விட்டுக் கோல்கள் நட்டால் பெரிய கட்டைகள் அங்கே நிற்கும், எடுப்பதும் சுலபம்.

ஓடைக் கரையைக் கட்டுவது தனி விஷயம். தன் பக்கத்தில் மட்டும் ஓடைக்குள் தள்ளித் தடுப்புச் சுவர் எழுப்பி ஒரு மீட்டர் நிலம் சேர்ப்பவர், 3 மீட்டர் ஓடையை 2 மீட்டராக்குகிறார். மேலே போட்ட கணக்கில் தாங்கும் அளவு 7.65லிருந்து 5.1க்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் எதிர்த் தோட்டத்துக்குப் போகும், அல்லது சுவரின் அடியை அரித்து அவர் தோட்டத்துக்கே வரும். கரையோரம் 2, 3 மீட்டர் உழாமல் புல்லுக்கு விடுவதுதான் மலிவான, நிலைக்கக்கூடிய தடுப்பு.

சரிவில் இருக்கும் தோட்டக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தண்ணீர் நின்றால் உருளை அழுகும் என்பதற்காகப் பாத்தியை மேலிருந்து கீழாக நேரே இழுப்பது இங்கே வழக்கம். அழுகல் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு பாத்தி இடைவெளியும் ஒரு வாய்க்காலாகி, மண்ணை வாரிக்கொண்டு அரைக் கணத்தில் ஓடைக்கு வந்துவிடும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் போட்டால் தண்ணீரும் நிற்காது, வேகமாக ஓடவும் செய்யாது. வடியும் முனையில் புல் வளர்த்த வாய்க்கால் வேண்டும். படிமட்டம் வெட்டினால் படி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். வெளிப்பக்கம் சாய்ந்த படி இந்த மழைக்கு நிற்காது.

அணைக்குக் கீழே இருப்பவர்கள்

மேலே சொன்ன கணக்கு சிறு ஓடைக்கு. குந்தா, பவானி, மாயாற்றுக் கரையில் இருப்பவர்களுக்கு மழையைவிட அணைதான் முக்கியம். மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா, முக்கூர்த்தி எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டியவை. பருவத்தின் தொடக்கத்தில் காலியாக இருக்கும்போது வெள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டில் நிரம்பிய பிறகு வருவதையெல்லாம் திறந்துவிட வேண்டியதுதான். அப்போது உங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் ஆறு ஏறலாம். பைக்காராவில் திறந்தால் மாயாற்றில் வரும், தெப்பக்காடு பக்கமும் தெங்குமரஹாடா பரிசல் துறையும் பாதிக்கப்படும். குந்தா பக்கத்து உபரிநீர் கெத்தை வழியாகப் பில்லூருக்கு வரும். பில்லூர் அணையின் முழு உயரம் 100 அடி, 97 அடி தொட்டதும் பவானியில் திறப்பார்கள். மேட்டுப்பாளையம் கரையில் குளிக்கவோ துவைக்கவோ இறங்குகிறவர்கள் அன்றைய பில்லூர் மட்டத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். சைரன் கேட்டால் துணியை எடுக்க நிற்க வேண்டாம்.

ஏறும்போது செய்ய வேண்டியது

மோட்டாரின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள், கை ஈரமாக இருக்கும்போது சுவிட்சைத் தொடாதீர்கள். டீசல் இன்ஜினைச் சக்கரத்தில் ஏற்றி, கயிற்றோடு மேட்டில் கட்டிவைத்திருந்தால் தூக்க ஆள் தேட வேண்டாம். பூச்சிமருந்தும் உரமும் எப்போதுமே சிவப்புக் கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். அவை தண்ணீரில் கலந்தால் கீழே குடிக்கிற ஊர் முழுக்கப் பாதிக்கப்படும். அறுவடைக்குத் தயாரான கேரட்டை, 5 நாள் கூட்டல் 53ஐத் தாண்டி ஆரஞ்சு எச்சரிக்கையும் வந்திருந்தால், ஓடையோரப் பாத்தியிலிருந்து எடுக்கத் தொடங்குங்கள். மழை தொடங்கிய பிறகு எடுக்கப் போகாதீர்கள்.

வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவரைக் கீழே தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. ஜீப்பையும் இழுக்கும். தரைப்பாலம் மூழ்கியிருந்தால் ஆழம் தெரியாது, பாலம் அங்கே இருக்கிறதா என்பதும் தெரியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. சிக்னல் போய்விடும் என்பதால், மழை வலுக்கும்போதே கூப்பிட்டு ஓடையின் மட்டத்தைச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் வடிந்த அன்றே, சுவரில் சேறு படிந்த உயரத்தில் பெயின்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மறுநாள் மழை அதைக் கழுவிவிடும். நோட்டில் அந்தக் கோட்டுக்கு எதிரே மூன்று எண்களை எழுதுங்கள்: 5 நாள் மொத்தம், உச்சமாகப் பெய்த 15 நிமிட அளவு, கொட்டத் தொடங்கியதிலிருந்து ஓடை கரை தாண்ட எடுத்த நேரம். இரண்டு மூன்று பருவம் இப்படி எழுதிய பிறகு, நாங்கள் இங்கே கொடுத்த 0.5, 0.7 போன்ற தோராய எண்களை விட்டுவிட்டு, உங்கள் ஓடையின் சொந்த எண்களையே பயன்படுத்துங்கள்.